புல்லு மேட்ச் பார்த்த மாமாவுக்கு

மாமா,

நேற்று எங்கள் கம்பெனியில் புல் வெட்டினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் சுற்றிப் பார்க்க வருகிறார்கள் என்றால் ஆபீஸ் முன்னால் இருக்கும் துண்டுப் புல்வெளிக்குத் திடீரென்று மரியாதை வந்துவிடும். மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் காலையிலேயே ஆரம்பித்திருக்கிறார். நான் ஷிஃப்ட் முடிந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, பஸ்ஸுக்காகக் கேட் பக்கம் நடந்தபோது அந்த வாசனை வந்து மோதியது. பெட்ரோல் புகையும் அறுபட்ட பச்சையும் கலந்த வாசனை. கும்மிடிப்பூண்டியில் எப்போதும் இருக்கும் இரும்பு உருக்கும் நெடியை அது கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்திருந்தது. நான் நின்றுவிட்டேன். பஸ்ஸில் ஏறியிருந்த பெண்கள் என்னைக் கூப்பிடுவது கேட்டது.

புல்லு மேட்ச் நேற்றுத்தான் ஆரம்பம். வீட்டுக்குப் போனதும் மாமாவிடம் இந்த வாசனையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். புதுவாயல் தாண்டிய பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. இன்று எனக்கு வார லீவு. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பிடித்துவிட்டது. புதுவாயலில் நாங்கள் பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டலில் ஒரு பழைய டிவி இருந்தது. ரிமோட் தொலைந்துபோய், அது ஏதோ ஒரு விளையாட்டுச் சேனலிலேயே நின்றுவிட்டது. கிரிக்கெட் வந்தால் கிரிக்கெட், குத்துச்சண்டை வந்தால் குத்துச்சண்டை. ஒரு வருடம் ஜூன் கடைசியில், லண்டனில் நடக்கும் புல்தரை டென்னிஸ் வந்தது. பகலெல்லாம் டியூப் லைட்டுக்குக் கீழே நின்று வயர்களைக் கோத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், திரை முழுக்கப் பச்சை. அந்த வெளிச்சம் எங்கள் எல்லோர் முகத்திலும் விழும். வெள்ளை உடுத்தியவர்கள் ஓடுகிறார்கள், நிற்கிறார்கள், பந்து மட்டும் டொக், டொக் என்கிறது. அத்தனை ஆயிரம் பேர் கூடியிருக்கும் இடத்தில் அவ்வளவு அமைதி. மெஷின் இரைச்சலிலேயே ஊறிப்போன என் காதுக்கு அந்த அமைதிதான் முதலில் பிடித்தது. ஸ்கோர் ஒருவருக்கும் புரியவில்லை. நான் மட்டும் விடாமல் பார்த்துப் பார்த்து ஒரு வழியாகக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து ஆனி மாதம் வந்தால் எனக்குள் ஒரு பச்சை வெளிச்சம் எரிய ஆரம்பித்துவிடும்.

உங்கள் மகனைக் கட்டிக்கொண்டது அதற்கு அடுத்த வருடம். தினேஷுக்கும் எனக்கும் ஒரே கம்பெனி. ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்த நிலத்தில் நெல் போடுகிற குடும்பம் உங்களுடையது. நான் கவரப்பேட்டைக்கு உள்ளே ஒரு காலனியிலிருந்து வந்தவள். என் அம்மா தன் கல்யாணத்துக்கு முன்பு உங்கள் ஊரைச் சுற்றியிருக்கும் வயல்களில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவள். இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததால்தான் எங்களோடு பேசாமல் இருந்தீர்கள்.

அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியாமல் இருந்திருந்தால், நான் உங்கள் வீட்டுப் படியை மிதித்திருக்க மாட்டேன். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தோம். நீங்கள் தடுக்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. "நைனா அப்டித்தான். போவப்போவ சரியாயிடுவாரு" என்றார் தினேஷ். மாதங்கள்தான் போயின. நான் வைத்த குழம்பைச் சாப்பிட்டீர்கள். நான் துவைத்த வேட்டியைக் கட்டினீர்கள். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், கட்டிலில் படுத்திருக்கும் அத்தையைப் பார்த்து, "தண்ணி கேனு வந்தா எறக்கி வெக்கச் சொல்லு" என்பீர்கள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். தண்ணீர் கேனை இறக்கி வைப்பேன்.

அந்த ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம் அத்தைக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, பின்வாசல் படியில் உட்கார்ந்து ஃபோனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் வயர் மாட்டியிருந்ததால் நீங்கள் வயலிலிருந்து வந்தது தெரியவில்லை. சொர்ணவாரிப் பருவ நெல்லுக்குக் களை எடுக்கும் நேரம். நிழல் விழுந்ததும் திரும்பிப் பார்த்தேன். உங்கள் முழங்கால்வரை சேறு. கையில் மாட்டுக்காக ஒரு கட்டுக் கோரை. என் தோளுக்குப் பின்னாலிருந்து குனிந்து, ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இன்னா பயிரு அது?"

நீங்கள் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான், மாமா.

"பயிரு இல்ல மாமா. புல்லு."

"புல்லா? புல்லையா இப்டி வளத்து வெச்சிருக்கானுங்க?"

"ஆமா மாமா. இதுக்குன்னே ஆளுங்களப் போட்டு வருஷம் பூரா வளக்கறாங்க. ரெண்டு வாரம் ஆட்றதுக்கு."

கையிலிருந்த கோரையைப் பார்த்தீர்கள். மறுபடி ஃபோனைப் பார்த்தீர்கள். "நான் பொறந்ததுலேர்ந்து இத்தப் புடுங்கிப் போட்டுக்கினு இருக்கேன்" என்றீர்கள். என்னிடம் சொன்னீர்களா, கோரையிடம் சொன்னீர்களா, எனக்குத் தெரியாது. பிறகு படியின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தீர்கள். நான் ஃபோனிலிருந்து வயரைப் பிடுங்கினேன். டொக், டொக் என்ற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. மாடு கத்தியும் நீங்கள் எழுந்து போகவில்லை.

மறுநாள் நான் வேலையிலிருந்து வரும்போது கூடத்தில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட்டை எனக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி, "அந்தப் புல்லு மேட்ச் இதுல வருதான்னு பாக்கச் சொல்லு" என்றீர்கள். அத்தையிடம்தான் சொன்னீர்கள். அத்தை அப்போது நல்ல தூக்கத்தில் இருந்தார். நான் சேனலை மாற்றினேன். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்குப் புல்லு மேட்ச் என்றே பெயர் நிலைத்தது.

இரண்டு நாள் கழித்து என்று நினைக்கிறேன், நடுவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"அந்த ஒசந்த நாற்காலில உக்காந்துக்கினு இருக்கறவன் சும்மா சும்மா லவ்வு லவ்வுன்றானே, இன்னாத்துக்கு?"

அந்த வார்த்தையை அந்த வீட்டில் அதுவரை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை.

"ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் மாமா. சைபரு."

"அவனுக்காவது தெரிஞ்சிருக்குது" என்றீர்கள். மீசைக்குள் ஏதோ அசைந்தது. சோற்றுத் தட்டோடு வந்த தினேஷ் அப்படியே நின்றுவிட்டார். அத்தை கட்டிலில் குலுங்கிச் சிரித்து, இடுப்பு வலித்து, அழுதுகொண்டே மறுபடி சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்ததை நீங்கள் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல மேட்ச்சுக்குத் திரும்பிக்கொண்டீர்கள்.

உங்களைப்போல அந்த விளையாட்டைப் பார்த்தவர் உலகத்தில் வேறு யாரும் இருந்திருப்பார்களா என்று தெரியவில்லை. நான் பந்தைப் பார்ப்பேன். நீங்கள் தரையைப் பார்ப்பீர்கள். முதல் நாள் பச்சைப் பட்டு விரித்ததுபோல இருக்கும் தரை, நாள் போகப்போக அடிக்கோட்டுப் பக்கம் தேய்ந்து மண் தெரிய ஆரம்பிக்கும். "இங்கதான் நின்னு நின்னு அடிக்கறானுங்க, அதான் செத்துப் போச்சு. அந்த ஓரத்தப் பாரு, ஒருத்தன் கால் படல, அப்டியே கீது" என்பீர்கள். மழை வந்து, வரிசையாக ஆட்கள் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து மூடும்போது, "நம்ம நெல்லு நனையும்போது இத்தினி பேரு ஓடி வருவானுங்களா" என்று பெருமூச்சு விட்டாலும், அந்தத் தார்ப்பாய் ஒரு மடிப்பு விழாமல் போர்த்தப்படுவதைக் கண் எடுக்காமல் பார்ப்பீர்கள்.

பச்சையில் வெள்ளை நின்றால் உங்களுக்குக் கொக்குதான். எனக்குப் பிடித்த ஒரு ஆட்டக்காரி இருந்தாள். ஏதோ சின்ன நாடு, நெடுநெடுவென்று உயரம். பந்து வரும்வரை ஒரு அசைவும் இல்லாமல் நிற்பாள். நீங்கள் அவளுக்குக் கொக்கு என்று பேர் வைத்தீர்கள். நான் இரண்டாவது ஷிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட நாளில் தினேஷின் ஃபோனிலிருந்து கூப்பிட்டு, "நம்ம கொக்கு ஜெயிச்சிடுச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள். நம்ம என்ற அந்த வார்த்தையோடு நான் கம்பெனி லைனில் போய் நின்றால் கை தானாக வேலை செய்யும்.

ஒரு காலையில் நாஷ்டா சாப்பிடும்போது சொன்ன கனவை மறக்கவே முடியாது. "நேத்து கனவுல அந்த கிரவுண்டுக்குப் போயிருந்தேன். பழக்க தோஷம், மடையத் தொறந்து உட்டுட்டேன். தண்ணி நெறஞ்சி போச்சு. வெள்ளச் சட்டக்காரனுங்க எல்லாம் பேட்டத் தூக்கிக்கினு வரப்பு மேல நிக்கறானுங்க. ஒருத்தன்கூட திட்டல. கால நனச்சுக்கினு சும்மா நிக்கறானுங்க." இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீர் இன்னும் கண்முன் நிற்பதுபோல ஜன்னல் வழியே வயலைப் பார்த்தீர்கள். "செருப்பு போட்டுக்கினு ஏறக்கூடாதும்மா அந்த எடத்துல" என்று முடித்தீர்கள்.

இன்னொன்றையும் கவனித்து வைத்திருந்தீர்கள். அங்கே ஆட்ட இடைவேளை முடிந்து, பார்க்க வந்தவர்களில் யாராவது நின்றுகொண்டோ நடந்துகொண்டோ இருந்தால், நடுவர் உட்காரச் சொல்வார். எல்லோரும் உட்காரும்வரை ஆட்டக்காரர் பந்தை எடுத்துப் போடாமல் காத்திருப்பார். உங்களுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. "எவ்ளோ பெரிய ஆட்டம், எத்தினி பேருக்காக நிக்குது பாரு" என்பீர்கள்.

அடுத்த வருடம் நான் ஆறு மாதக் கர்ப்பம். என் அம்மா வாரா வாரம் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு வருவாள். ஆனால் நம் வீட்டுக்கு வர மாட்டாள். ஊர் பஸ் ஸ்டாப்பிலேயே நின்று, பையை என் கையில் கொடுத்துவிட்டு, அதே ஷேர் ஆட்டோவில் திரும்பிவிடுவாள். வீட்டுக்கு வா என்று நான் கூப்பிடுவேன். "எதுக்குடி பேஜாரு. நீ நல்லா இருந்தா போதும்" என்பாள். நீங்களும் அவளை வரச் சொன்னதில்லை. அந்த ஒன்றை மட்டும் நாம் மேட்ச் பார்க்கும்போதும் பேசியதில்லை.

பெண்கள் ஃபைனல் அன்று சனிக்கிழமை. நம்ம கொக்கு முதல் தடவையாக ஃபைனலுக்கு வந்திருந்தாள். சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. உங்கள் அண்ணன், பெரிய மாமா, ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதைப் பற்றிப் பேச வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கால் வீங்கியிருந்ததால் பஸ் ஸ்டாப்புக்குப் போக முடியவில்லை. ஃபோன் செய்து வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அம்மா அதைக் கேட்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு, என்றைக்கும் இல்லாமல் தெருவுக்குள் நடந்து, நம் வாசல்வரைக்கும் வந்துவிட்டாள். ஒரு கையில் எறா தொக்கு டப்பா. இன்னொரு கையில் அவளுடைய செருப்பு.

நான் எழுந்திருப்பதற்குள் அம்மா உங்களைப் பார்த்துவிட்டாள். "இத்தப் புள்ளைக்குக் குடுத்துட்டுப் போயிட்றேன் ஆண்டே" என்றாள். அவள் சின்ன வயதில் வயல்காரர்களைக் கூப்பிட்ட அதே வார்த்தை. பெரிய மாமா தலையைக் கூடத் திருப்பவில்லை. அத்தை என்னைப் பார்த்தார். தினேஷ் உங்களைப் பார்த்தார். டிவியில் ஒரு கேம் முடிந்து இடைவேளை. கொக்கு நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடியிருந்தாள்.

நீங்கள் எழுந்தீர்கள். வேகமாக எழவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போய், டப்பாவை அம்மாவின் கையிலிருந்து வாங்கினீர்கள்.

"ஆண்டை இன்னா ஆண்டை. உள்ள வாங்க சம்மந்தி."

அம்மாவுக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. அவள் அசையவில்லை. "ஈரமா இருக்கேன்" என்றாள்.

"இருக்கட்டும். அங்க பாருங்க, ஃபைனல் மேட்ச். எல்லாரும் உக்கார்ற வரைக்கும் அவங்க பந்தையே போட மாட்டாங்க. நீங்க நின்னுக்கினு இருந்தா எப்டி."

நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியையே காட்டினீர்கள். அம்மா செருப்பை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடலாம் என்பதுபோல உட்கார்ந்தாள். புடவையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. நீங்கள் அத்தையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள்.

பெரிய மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். "நீ இன்னா பண்றன்னு தெரிஞ்சிதான் பண்றியா?"

"மேட்ச் பாக்கறேன்" என்றீர்கள்.

அவர் காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். குடையை மறந்துவிட்டதால் மழையிலேயே போனார். நீங்கள் தினேஷிடம் குடையைக் கொடுத்து அனுப்பினீர்கள். திரும்பி வந்தபோதும் குடை தினேஷின் கையிலேயே இருந்தது.

கொக்கு அன்று தோற்றுப்போனாள். நெருங்கி வந்து தோற்றாள். பரிசு வாங்கும்போது பேச முடியாமல் அழுதாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த அம்மா, "பாவம், அந்தப் பொண்ணுக்குக் கூட வந்தவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்கறாங்களே சம்மந்தி. மேல பாருங்க, அந்த வெள்ளத் தொப்பி, அதான் அவங்க அம்மா" என்றீர்கள். இரண்டாவது தடவை அந்த வார்த்தையைச் சொன்னபோது அம்மா தலையை ஆட்டினாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அதற்கான விலையை நீங்கள்தான் கொடுத்தீர்கள். அந்த ஆடியில் கூழ் ஊற்றும் பேச்சுக்கு உங்களைக் கூப்பிடவில்லை. என் வளைகாப்புக்குப் பெரிய மாமா வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. இரண்டு பேரின் நிலத்துக்கும் ஒரே போர்வெல் தண்ணீர் என்பதால் வாய்க்கால் ஓரத்தில் தினம் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பேசாமல் மடையைத் திறந்துவிட்டு வருவீர்கள். அதைப் பற்றி நீங்கள் குறைபட்டு நான் கேட்டதில்லை. ஒரே ஒரு நாள், கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டு, "சின்னப் பசங்களா இருந்தப்போ ரெண்டு பேரும் ஒரே துண்ட விரிச்சிப் படுப்போம்" என்றீர்கள். அவ்வளவுதான்.

மகள் பிறந்தாள். அவளுக்கு ஒவ்வொரு ஆனியும் உங்கள் மடியில்தான் போனது. மழைக்காக ஆட்டம் நிற்கும்போதெல்லாம் தாத்தாவும் பேத்தியும் அப்படியே தூங்கிப்போவீர்கள். அங்கே ராத்திரி ஆனாலும் வெளிச்சம் போகாத வானத்தை டிவி காட்டிக்கொண்டிருக்கும். இங்கே இருட்டில் தவளை கத்தும். எது நம் ஊர், எது அந்த ஊர் என்று ஒரு கணம் எனக்கே குழம்பும். அம்மா ஃபைனலுக்குத் தவறாமல் வர ஆரம்பித்தாள். நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காரவும் பழகிக்கொண்டாள்.

பிறகு சர்க்கரை உங்கள் கண்ணில் இறங்கியது. முதலில் எழுத்து போயிற்று, பிறகு முகங்கள். காக்களூரில் வேலை செய்யும் தினேஷின் நண்பர் ஒரு கண் டாக்டரைச் சொன்னார். ஊசி போட்டோம், லேசர் வைத்தோம். போன வருடம் புல்லு மேட்ச் ஆரம்பித்தபோது உங்களுக்கு டிவி வெறும் வெளிச்சமாக மட்டும் தெரிந்தது. "பச்ச மட்டும் தெரியுது. கொக்குங்களைக் காணோம்" என்றீர்கள், சிரித்துக்கொண்டே.

அப்போதுதான் நான் சொல்ல ஆரம்பித்தேன். உங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு பந்தாகச் சொன்னேன். இடது மூலைக்கு அடிச்சாங்க மாமா. ஓடிப் போய் எடுத்துட்டாங்க. வலைக்கிட்ட வந்துட்டாங்க. தூக்கிப் போட்டுட்டாங்க. பந்து மேல போவுது, இன்னும் மேல போவுது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொஞ்சம் தூக்குவீர்கள், பந்தைப் பார்ப்பதுபோலவே. நடுநடுவே, "அடிக்கோட்டாண்ட தேஞ்சிடுச்சா?" என்பீர்கள். எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்வேன். இன்னும் இல்ல மாமா. கொஞ்சம் பழுப்பா இருக்குது. இப்ப மண்ணு தெரியுது மாமா. உங்களுக்காகப் பார்க்கும்போதுதான் எனக்கே தரை தெரிய ஆரம்பித்தது. அத்தனை வருடம் பந்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

கொக்குக்கு வயதாகிவிட்டிருந்தது. பெரிய மைதானத்தில்கூட இல்லை, ஓரத்தில் ஒரு சின்னக் கோர்ட்டில் ஆடினாள். சின்னப் பெண் ஒருத்தியிடம் தோற்றுக்கொண்டிருந்தாள். கடைசி கேம் வந்தபோது என் மனதில் ஒன்று ஓடியது. நீங்கள் பார்க்கவில்லை. ஜெயித்துவிட்டாள் என்று சொல்லிவிட்டால் என்ன? வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் நீங்கள் என் கையைத் தட்டினீர்கள்.

"தோக்குதா?"

"எப்டி மாமா கண்டுபுடிச்சீங்க?"

"உன் கொரலு சொல்லுதே."

உள்ளதை உள்ளபடி சொன்னேன். கடைசிப் பந்து வலையில் விழுந்தது. வலைக்குப் போய்க் கை கொடுத்தாள். குனிஞ்சு புல்லத் தொட்றாங்க மாமா, உள்ளங்கையால தடவறாங்க, இனிமே ஆட மாட்டாங்க போல இருக்குது என்றேன். "போவட்டும்மா. நல்லாத்தான் நின்னுச்சு" என்றீர்கள்.

மாசி மாதம் நீங்கள் போனீர்கள். கடைசி நாட்களில் சிறுநீரகமும் கைவிட்டுவிட்டது. திருவள்ளூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். ஜன்னல் ஓரத்தில் படுத்துக்கொண்டு, நாற்று நட்டாயிற்றா, இடைவெளி விட்டு நட்டிருக்கிறார்களா, நெருக்கமா நட்டிருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.

நீங்கள் போன அன்றைக்குப் பெரிய மாமா வந்தார். முதல் ஆளாக வந்து, உங்கள் காலடியில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பாடையைத் தூக்கும்போது முன்பக்கம் அவர் தோள்தான். என் அம்மா அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உங்கள் சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்படியே அம்மாவையும் கட்டிக்கொண்டார்கள். யாரும் யாரையும் நகரச் சொல்லவில்லை. நீங்கள் அதைப் பார்க்கவில்லையே என்றுதான் எனக்கு அழுகை அடக்க முடியாமல் வந்தது.

நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். டிவியைப் போடலாமா வேண்டாமா என்று தயக்கம். அத்தை தரையில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இத்தனை வருடமும் அத்தை மேட்ச் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் மேட்ச் பார்க்கிற உங்களைத்தான். கடைசியில் போட்டேன். பெரிய மைதானத்தில் முதல் ஆட்டம் ஆரம்பிக்கப் போகிறது. இரண்டு பேர் பையை மாட்டிக்கொண்டு உள்ளே வருகிறார்கள்.

"உள்ள வர்றாங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். அத்தையின் கை கீரைக்காம்பில் நின்றுவிட்டது. டிவியில் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அத்தை நிமிராமலே கேட்டார். "ஏன் நிறுத்திட்ட?"

"ஒண்ணும் இல்ல அத்தை. பழக்கத்துல வந்துடுச்சு."

"சொல்லு. அந்த மனுஷன் ஊட்ல இருந்தவரைக்கும் உன் கொரலக் கேட்டுக்கினேதான் கீர ஆஞ்சேன். எனக்கு அதுல ஆட்றது ஒண்ணும் புரியாது. அவருக்குச் சொல்லுவியே, அந்த மாதிரியே சொல்லு."

நான் எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். ஸ்கோர் இன்னும் ஆரம்பிக்கவில்லை. யார் ஆடுகிறார்கள் என்பதையும் நான் சொல்லவில்லை.

"மொத நாளு அத்தை. இன்னும் யாரும் கால் வெக்கல. கோடு வரைக்கும் எல்லாம் பச்சையா இருக்குது" என்று ஆரம்பித்தேன்.